கணக்கில் வராத காற்று

வண்டி எண்ணெயால் ஓடுகிறது என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். மலேசியத் தமிழர்களாகிய நாம் பெட்ரோலையும் 'எண்ணெய்' என்றே வழங்கிப் பழகியதால் இந்த எண்ணம் நம்மிடம் சற்று அழுத்தமாகவே ஊன்றிவிட்டது. உண்மையில் ஒரு கார் உட்கொள்ளும் பொருள்களில் பெட்ரோலின் பங்கு மிகச் சிறியது. ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோல் முழுமையாக எரிய வேண்டுமானால் ஏறத்தாழ 14.7 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். எடையை விட்டுவிட்டுக் கொள்ளளவைப் பார்த்தால் வியப்பு மேலிடும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட காற்று! பெட்ரோலுக்குப் பணம் கொடுக்கிறோம். ரசீது கேட்டு வாங்குகிறோம். காற்றுக்கு விலை இல்லை. ஆதலால் அதன் கணக்கை யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய காலமும் வருவதுண்டு. 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் புகைமூட்டத்தில் மூவார் நகரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டது. 2019 மார்ச்சு மாதத்தில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் நெடியால் பாசிர் கூடாங் வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்நாள்களில் ஜொகூர் மக்களாகிய நாங்கள் காற்றையும் எண்ணால் அறிந்துகொள்ளத் தலைப்பட்டோம். ஆனால் நான் இங்கே எழுதப் புகுந்தது அவ்வளவு பெரிய செய்தியன்று. ஒரு பழைய காரின் முகப்புக்குள்ளே, கையடக்கமான ஒரு பெட்டி காற்றை அளக்கும் விதத்தைப் பற்றியும், அந்த அளவை எங்கள் குடும்பத்தில் ஒருவர் தம் உடம்பின் அளவாக எடுத்துக்கொண்டதைப் பற்றியுமே எழுதுகிறேன்.

முன்னாளைய கார்களில் கார்புரேட்டர் என்னும் கருவி இருந்தது. குறுகிய வழியில் காற்று விரையும்போது உண்டாகும் உறிஞ்சுதலே பெட்ரோலையும் இழுத்துக்கொள்ளும். அங்கே அளப்பவர் ஒருவர், கொடுப்பவர் வேறொருவர் என்ற பிரிவு இல்லை. 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் நம் நாட்டில் வெளிவந்த புரோட்டோன் சாகாவும் அவ்வகை வண்டியே. அதற்கும் முன்பே ஜெர்மனியில் போஷ் நிறுவனத்தார் அந்த இரு வேலைகளையும் பிரித்துவிட்டார்கள். 1967இல் அவர்கள் கொணர்ந்த முறை உள்ளிழுக்கும் குழாயின் அழுத்தத்தைக் கொண்டு காற்றை உய்த்துணர்ந்தது. 1974ஐ ஒட்டி வந்த முறையோ காற்றையே நேராக அளந்தது. அதன் பெயரின் முன்னே நிற்கும் 'எல்' என்னும் எழுத்து 'லுஃப்ட்' என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. அதன் பொருள் காற்று. வெப்பமானி, அழுத்தமானி என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் வரிசையில் இதனைக் காற்றோட்டமானி என்று அழைக்கலாம். பட்டறைகளில் 'ஏர்புளோ' என்றால்தான் விளங்கும்.

அந்த மானியின் உள்ளமைப்பு எளிமையானது. காற்று செல்லும் வழியில் ஒரு சிறு கதவு. கதவின் அச்சில் ஒரு சுருள்வில். இயந்திரம் காற்றை இழுக்க இழுக்கக் கதவு திறக்கும். வில் அதனைத் திரும்பத் தள்ளும். இரண்டும் சமமாகும் இடத்தில் கதவு நிற்கும். அச்சின் மேல்முனையில் ஒரு தொடுமுனை, கரி பூசிய வளைந்த தடத்தின்மீது ஊர்ந்து செல்லும். அது நிற்கும் இடத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் மாறும். அந்த மின்னழுத்தத்தைப் படித்துக் கட்டுப்பாட்டுப் பெட்டி பீச்சுக்குழல்களுக்கு ஆணையிடும். காத்திருப்பு நிலையில், அதாவது வண்டி நின்றபடி இயந்திரம் மட்டும் ஓடும்போது, அக்குழல்கள் நொடிக்குப் பதின்மூன்று முறையேனும் திறந்து மூடும். ஒவ்வொரு முறையும் அவை திறந்திருப்பது ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு நேரமே. மாத்திரைக்குக் கண்ணிமையையும் கைந்நொடியையும் அளவாகச் சொன்ன தொல்காப்பியரை மாணவர்களுக்கு எடுத்துரைத்த எனக்கு, இந்தக் கணக்கைக் கேட்டபோது மெய்சிலிர்த்தது.

பெர்மாஸ் ஜெயாவுக்கு அண்ணன் குடிவந்தபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. 1977இல் தொடங்கிய பாசிர் கூடாங் துறைமுகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். தெருக்களுக்குப் பெயர் வைக்காமல் எண் மட்டும் வைத்துவிட்டுப் போன நகர் இது. முகவரி சொல்வது வாய்ப்பாடு ஒப்பிப்பது போலிருக்கும். அத்தகைய ஒரு தெருவின் முனை வீட்டில், 1986ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ. 318ஐ வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கி நிறுத்தினார். கைக்கியர் வண்டி. பணக்காரரின் வண்டியை வாங்கிவிட்டதாகச் சுற்றத்தார் கேலி பேசினார்கள். அண்ணன் அதனைப் பொருட்படுத்தவில்லை. தெப்ராவ் நீரிணை ஓரத்து உப்புக்காற்றில் துருவேறாமல் வாரந்தோறும் துடைத்து வைத்தார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மளிகைக் கடைகளில் கடன் எழுதுவதற்கென்றே பேர்போன '555' குறிப்பேடு நம் நாட்டில் எல்லாருக்கும் தெரியும். அதில் ஒன்று எப்போதும் வண்டியின் சிறு பெட்டியறையில் இருக்கும். பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் நாள், ஓடிய கிலோமீட்டர், நிரப்பிய லிட்டர், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பவற்றை எழுதிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடித்தாலும் கணக்கை முடிக்காமல் நகரமாட்டார்.

நீரிழிவு நோய் அவரைப் பல ஆண்டுகளாகவே அரித்துவந்தது. கால் மரத்துப்போவதாக அடிக்கடி சொல்வார். ஒரு மே மாதத்தில் வண்டிச் சாவியை அண்ணியாரிடம் கொடுத்துவிட்டு, "இனி நான் ஓட்டப்போவதில்லை" என்றார். ஏன் என்று கேட்டதற்கு விடை சொல்லவில்லை. ஆகஸ்டு மாதத்தில் காலமானார்.

வண்டி வீட்டு முன்றிலில் நின்றது. அண்ணியாருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. விற்றுவிடலாம் என்றால் வாங்க வந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். கிளட்சை விட்டு வண்டியைக் கிளப்பும்போது ஓர் உலுக்கல், வழியெல்லாம் கரும்புகை, பெட்ரோல் நாற்றம். ஒரு பட்டறையில் காற்றோட்டமானியையே மாற்ற வேண்டும் என்றார்கள். அதன் விலையைக் கேட்டால் வண்டியின் விலைக்கு மிக அருகில் நின்றது. இன்னொரு பட்டறையில், ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்குமதியாகும் வண்டி ஒன்றின் இயந்திரத்தைப் பொருத்திக்கொள்ளச் சொன்னார்கள். அண்ணியார் இரண்டுக்கும் உடன்படவில்லை. "விற்பதானால் விற்போம், தம்பி. ஆனால் ஓடாத வண்டியை வைத்திருந்தார் என்ற பெயரோடு விற்க எனக்கு மனம் வரவில்லை" என்றார்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்வரிசைக் கடைவீட்டில் ஒரு முதியவர் பட்டறை வைத்திருந்தார். வண்டி பழுதுபார்ப்பவரை இந்நாட்டில் போர்மேன் என்பது வழக்கம். மலாய்க்காரர் நாவில் அது 'பொமேன்' ஆகி நிலைத்துவிட்டது. இவர் தோட்டத்தில் பிறந்து, பதினைந்து வயதில் ஜொகூர் பாருவில் ஒரு சீனத் தௌக்கேயிடம் கையாளாகச் சேர்ந்து தொழில் கற்றவர். இப்போது ஒரு கண்ணில் புரை விழுந்திருந்தது. எங்கள் தமிழ்ப்பள்ளியில் படித்த இளைஞன் ஒருவன் அவரிடம் வேலை பழகிக்கொண்டிருந்தான்.

வண்டியைக் கண்டதும் அவன் குறியறி கருவியைத் தேடினான். பெரியவர் சிரித்தார். "இதற்கு அதைச் செருக இடமே கிடையாது, தம்பி. காதையும் மூக்கையும் செருகு" என்றார்.

முதலில் அவர் மானியைத் தொடவில்லை. வண்டியின் ஆவணங்கள் எல்லாவற்றையும் கேட்டார். நான் பெட்டியறையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தேன். அவரால் எழுத்தைப் பார்க்க முடியவில்லை. என்னைப் படிக்கச் சொன்னார். நான் படித்தேன். லிட்டருக்கு 9.6. பிறகு 9.4. பிறகு 9.7. ஜனவரி மாதப் பக்கத்தின் ஓரத்தில் அண்ணனின் சிறிய எழுத்தில், "கிளட்ச் விடும்போது உலுக்கல்" என்று இருந்தது. பிப்ரவரியில், "இன்றும் உலுக்கல். கால் மரத்திருக்குமோ?" மார்ச்சு மாதத்தில் ஒரு பட்டறையின் ரசீது மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் 'ஏர்புளோ சரிசெய்தது' என்ற பொருளில் ஒரே வரி. அதற்கு அடுத்த கணக்கு 7.1. அதற்கும் அடுத்தது 6.8. மே மாதத்தில் எண்கள் இல்லை. "கால் சொன்னபடி கேட்கவில்லை. இனி ஓட்டுவதற்கில்லை" என்ற வரியோடு குறிப்பேடு முடிந்திருந்தது.

அண்ணியார் அருகில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். அந்த வரிகளை அவரும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வாத்தியார் ஐயா, இதில் இரண்டு நோய் இருக்கிறது. உலுக்கல் ஜனவரியில் வந்த நோய். எண்ணெய் குடிப்பது மார்ச்சு மாதத்து மருந்தால் வந்த நோய்" என்றார். ஆங்கிலக் கையேட்டின் பக்கங்களை நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே, விரலால் தடவியபடி வேலையைத் தொடங்கினார்.

இயந்திரத்தை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தார். இயந்திரம் தடுமாறி நிற்கப் பார்த்தது. "நல்லது" என்றார். எனக்குப் புரியவில்லை. விளக்கினார். இந்த வகை வண்டியில், மானியைக் கடந்து இயந்திரம் வரையுள்ள வழி முழுவதும் காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும். எங்கேனும் ஓட்டை இருந்தால் மானி அறியாத காற்று உள்ளே போகும், கட்டுப்பாட்டுப் பெட்டி குறைந்த பெட்ரோலையே கொடுக்கும், இயந்திரம் பட்டினியாகும். மூடியைத் திறந்ததும் இயந்திரம் தடுமாறியதால், நின்றபடி ஓடும்போது வேறு பெரிய ஓட்டை இல்லை என்று தெரிகிறது. முன்பு பார்த்த பட்டறையிலும் இவ்வளவில் நின்றுவிட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஓட்டை இல்லை, ஆகவே பழுது மானியில்தான் என்று முடிவு கட்டுவது எளிது.

பெரியவர் அங்கே நிற்கவில்லை. இளைஞனை உள்ளே உட்காரச் சொன்னார். கைத்தடையையும் கால்தடையையும் இறுகப் பிடித்துக்கொண்டு, முதல் கியரில் கிளட்சை மெல்ல விடச் சொன்னார். என் கையில் விளக்கைக் கொடுத்தார். யாரும் வண்டிக்கு நேர்முன்னே நிற்கக்கூடாது என்று எங்களைப் பக்கவாட்டில் நிறுத்தினார். கிளட்ச் பிடித்த அந்தக் கணத்தில் இயந்திரம் முழுவதும் ஒரு பக்கமாகப் புரண்டு எழுந்தது. மானியையும் இயந்திரத்தையும் இணைக்கும் ரப்பர்க் குழாய், துருத்தி போல மடிப்பு மடிப்பாக இருப்பது, அந்தப் புரளலில் நீண்டது. அடிப்பக்க மடிப்பு ஒன்றில், மீன் வாயைத் திறப்பது போல, இரண்டு விரல் நீளத்தில் ஒரு வெடிப்பு திறந்தது. இயந்திரம் உலுக்கியது. இளைஞன் கிளட்சை அழுத்தினான். வெடிப்பு மூடிக்கொண்டது. இருந்த சுவடே தெரியவில்லை.

மூன்று முறை செய்து காட்டச் சொன்னேன். மூன்று முறையும் அதே வாய் திறந்தது. அதே உலுக்கல் எழுந்தது.

நாற்பது ஆண்டு வெப்பத்தில் ரப்பர் விறைத்திருந்தது. இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர்க் கட்டைகளும் நைந்து போனதால் புரளல் மிகுதியாகி, குழாய் மடிப்பிலே பிளந்திருக்கிறது. இதுதான் ஜனவரி மாதத்து நோய்.

அடுத்து மானியின் கறுப்பு மூடியைத் திறந்தார். தொழிற்சாலையில் பசை இட்டு ஒட்டிய மூடி அது. திறக்க வேண்டாம் என்பதே அந்தப் பசையின் பொருள். ஏற்கெனவே யாரோ கத்தியால் நெம்பிய தடம் இருந்தது. உள்ளே சுருள்வில்லை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு பற்சக்கரம். அதனைப் பிடித்து நிறுத்த ஒரு கம்பி. பல ஆண்டுகள் கம்பி அழுந்திய தழும்பு ஒரு பல்லில் இருந்தது. கம்பியோ அங்கே இல்லை. எட்டுப் பல் தள்ளி நின்றது. விரல்நுனியால் எண்ணிய பெரியவர், இளைஞனையும் எண்ணச் சொன்னார். அவனும் எட்டு என்றான்.

வில்லைத் தளர்த்தினால், அதே காற்றுக்குக் கதவு மேலும் திறக்கும். மானி இல்லாத காற்றை இருப்பதாகச் சொல்லும். பெட்ரோல் கூடுதலாகப் பாயும். உலுக்கல் சற்றுத் தணியும். ஆனால் வெடிப்பு மூடியிருக்கும் மற்ற நேரமெல்லாம் வண்டி வேண்டாத பெட்ரோலைக் குடித்துப் புகையாகக் கக்கும். "சாக்கில் ஓட்டை இருக்கிறது. அரிசி குறைகிறது என்று படியை அடித்துப் பெரிதாக்கினால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டார் பெரியவர்.

மானியை அப்படியே நம்பிவிடவும் அவர் தயாராக இல்லை. அதுவும் தேய்வதுண்டு. தொடுமுனை ஓயாமல் ஊரும் இடத்தில் கரித்தடம் பள்ளமாகி, அவ்விடத்தில் மின்னழுத்தம் அறுந்து அறுந்து போகும். அத்தகைய மானிகளில், தடம் பொருந்திய தகட்டின் திருகாணிகளைத் தளர்த்தி மயிரிழை நகர்த்தி, தொடுமுனையைத் தேயாத கோட்டில் ஓடவிட்டு அவர் பல வண்டிகளைப் பிழைக்க வைத்திருக்கிறாராம். முள் அசையும் பழைய மின்மானி ஒன்றை இணைத்துவிட்டு, கதவை விரலால் மிக மெதுவாகத் தள்ளினார். முள்ளைப் பார்ப்பது என் வேலை. அது துள்ளுகிறதா, எங்கேனும் விழுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முள் குளத்தில் படகு போவது போலச் சீராகச் சென்றது. "இது பொய் சொல்லவே இல்லையே. பாவம், இதன் கழுத்தைத் திருகியிருக்கிறார்கள்" என்றார்.

புதிய ரப்பர்க் குழாயும் தாங்கு கட்டைகளும் வந்து சேர ஐந்து நாளாயிற்று. மானியின் விலையோடு ஒப்பிட்டால் அவை சிறு தொகைதான். கம்பி பழைய பல்லுக்குத் திரும்பியது. மூடி மீண்டும் ஒட்டப்பட்டது. எஞ்சியது ஒரே ஒரு திருகாணி. கதவைச் சுற்றிச் சிறிதளவு காற்றைத் தனியே விடும் ஒரு பக்கவழி மானியில் உண்டு. அதன் திருகாணியை உள்ளே திருகினால் பக்கவழி குறுகி, கதவின் வழியே காற்று கூடி, கலவையில் பெட்ரோல் மிகும். வெளியே திருகினால் குறையும். காத்திருப்பு நிலையின் கலவையைச் செம்மைப்படுத்த மட்டுமே அது ஏற்பட்டது. வேறு பழுதுகளை அதைக் கொண்டு மறைக்கப் பார்ப்பவர்கள் மிகுதி. முதலில் அதைத் திருகுகிறார்கள். கடைசியில் தொட வேண்டியதும் அதுதான்.

வேறொரு பட்டறையிலிருந்து புகை ஆய்கருவியை இரவல் வாங்கி வந்தார்கள். வினையூக்கி மாற்றி இல்லாத அக்கால வண்டிகள் பலவற்றில், இயந்திரம் நன்கு சூடேறிய பின் காத்திருப்பு நிலையில் கார்பன் மோனாக்சைடு ஒரு விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டும். திருப்புளியைப் பெரியவர் இளைஞனிடம் கொடுத்தார். "கால் சுற்று. காத்திரு. எண் நிற்கட்டும். மறுபடி அரைக்கால் சுற்று." எண்களை நான் உரக்கப் படித்தேன். 2.4. 1.9. 1.3. 1.0. "விடு, கையை எடு" என்றார். இரண்டு வாரத்தில் தமக்குக் கண் அறுவை என்றும், அதுவரை இவன் கண்தான் தம் கண் என்றும் என்னிடம் சொன்னார்.

நான் வண்டியை எடுத்தேன். அண்ணியார் பக்கத்தில் அமர்ந்தார். கிளட்சை விட்டபோது வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குவது போல நகர்ந்தது. நெடுஞ்சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கில் நின்றோம். பச்சை விழுந்து மறுபடி கிளப்பினேன். உலுக்கல் இல்லை. பெர்மாஸ் பாலத்தின் ஏற்றத்திலும் இல்லை.

பாலத்தின் மேல் செல்லும்போது அண்ணியார், "அப்படியென்றால் அவர் கால் நன்றாகத்தான் இருந்திருக்கிறது, இல்லையா தம்பி?" என்று கேட்டார்.

நோய் இருந்தது உண்மை. மரப்பு இருந்ததும் உண்மை. ஆனால் குறிப்பேட்டில் எழுதிய உலுக்கல் காலால் வந்ததன்று. அதனைச் சொன்னேன். அவர் சன்னல் வழியே நீரிணையைப் பார்த்துக்கொண்டு வந்தார். "இரண்டு மாதம் எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருந்தார். துறைமுகத்து நண்பர்களைக்கூடப் பார்க்கவில்லை. கேட்டால் கால், கால் என்பார்" என்றார். அதன்பின் கோயில் வாசல் வரை இருவரும் பேசவில்லை.

வண்டியை வாங்க மீண்டும் ஒருவர் வந்தார். நல்ல விலையும் சொன்னார். அண்ணியார் யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டார். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்கு அவரை அழைத்துச் செல்வது என் வேலையாயிற்று.

வேலை முடிந்த அன்றே பெட்ரோல் முழுவதும் நிரப்பியிருந்தோம். மூன்றாம் வாரம் மறுபடி நிரப்பும்போது, நான் பணம் கட்டிவிட்டுத் திரும்பினேன். அண்ணியார் பெட்டியறையைத் திறந்து '555' குறிப்பேட்டை மடியில் விரித்து வைத்திருந்தார். ஓடிய தொலைவைப் படிக்கச் சொல்லி எழுதிக்கொண்டார். நிரப்பிய லிட்டரைக் கேட்டு எழுதிக்கொண்டார். வகுத்துப் பார்க்கக் கைப்பேசியை நீட்டினேன். வேண்டாம் என்று தாளின் ஓரத்திலேயே கணக்குப் போட்டார். பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். அண்ணியார் நிமிர்ந்து பார்க்கவில்லை. மே மாதத்து வரிக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, நாளைக் குறித்து, எதிரே 9.3 என்று எழுதினார்.